பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மறுகட்டமைப்புச் செய்யப்படுகின்றன. 2022-இல் நடந்தது, 2024-இல் நடந்தது, அடுத்த முறையும் நடக்கும். ஒவ்வொரு முறையும் எத்தனை பள்ளிகளில் குழு அமைந்தது, எத்தனை பேர் உறுப்பினர் ஆனார்கள் என்ற கணக்கு செய்தியாக வருகிறது. அவர்கள் எப்படி உறுப்பினர் ஆனார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் தன் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய் என்ற முறையில், அந்தக் குறையைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சட்டத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பின்தங்கிய, நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களுடைய விகிதத்துக்கு ஏற்ற இடம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் கொண்டதாக இருந்த குழு, 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு 24 பேர் கொண்டதாக விரிந்தது. பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் பொறுப்புகள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு தாய், ஓர் அரசு நிறுவனத்தின் வரவு செலவைக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லும் சட்டங்கள் நம்மிடம் நிறைய இல்லை. ஆனால் சட்டம் இடத்தை ஒதுக்குவதோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதை, வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு யாரால் பள்ளிக்கு வர முடிகிறது என்பதும், தலைமை ஆசிரியருக்கு யாருடைய பெயர் சட்டென்று நினைவுக்கு வருகிறது என்பதுமே தீர்மானிக்கின்றன.

நான் பார்த்த ஒரு தேர்வைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். இதே கதையை வேறு ஒன்றியங்களில் இருக்கும் உறவினர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட்டம் கூடும்போதே தாளில் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயராகப் படித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? படிக்கப்பட்ட பெயருக்கு உரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், படிப்பவரோ நாளை நம் பிள்ளைக்குப் பாடம் நடத்தப் போகிறவர். அரை மணி நேரத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது, தேநீர் வந்தது, புகைப்படம் எடுக்கப்பட்டது. தாமதமாக வந்த பெற்றோர் சிலர், தேர்வு முடிந்துவிட்டது என்பதுகூடத் தெரியாமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பதிவேட்டைப் பார்க்கிற அதிகாரிக்கு எல்லாம் விதிப்படி நடந்ததாகவே தெரியும். பெண்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது, ஆதிதிராவிடர் பிரதிநிதித்துவம் சரியாக இருந்தது, மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோரும் இருந்தார்.

எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே தேர்வு தவறாக இருக்க முடியும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கிழக்குத் தெருவிலிருந்து ஒருவர் வேண்டும் என்றால், அந்தத் தெருவில் கேள்வி கேட்கிற பெண் யார், கேட்காத பெண் யார் என்று ஊருக்கே தெரியும். கேட்காதவருக்கு இடம் கிடைக்கிறது. பெண்ணுக்கு ஒதுக்கிய பொறுப்பில் பெண்ணின் பெயர் இருக்கிறது, கூட்டத்தில் பேசுவது அவருடைய கணவர். உள்ளாட்சிகளில் நாம் நெடுங்காலமாகப் பார்த்துச் சலித்த வழக்கம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது என்பதைத் தவிர இதில் புதுமை எதுவும் இல்லை.

தலைமை ஆசிரியர்களை வில்லன்களாகக் காட்டுவது என் நோக்கம் அன்று. அவர்களுடைய நிலைமையை ஓரளவு அறிவேன். கழிப்பறைக் குழாய் உடைந்தால், கட்டடத்துக்குள் பாம்பு புகுந்தால், விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போட வேண்டும் என்றால், கூப்பிட்ட உடனே வருகிற நாலு பேர் வேண்டும். அப்படி வருகிறவர்கள் உண்மையாகவே உழைக்கிறார்கள், தங்கள் கைப்பணத்தைப் போடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குழுவில் சேர்த்தால் வேலை நடக்கும் என்று ஒரு தலைமை ஆசிரியர் நினைப்பதில் வஞ்சகம் இல்லை. ஆனால் கூப்பிட்ட உடனே வர முடிவது ஒருவருடைய அக்கறையை மட்டும் காட்டுவதில்லை. அவரிடம் இருசக்கர வாகனம் இருக்கிறது, கடை வைத்திருக்கிறார் அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார், வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கிறார் என்பதையும் காட்டுகிறது. ஓய்வு நேரம் என்பதும் ஒரு சொத்துத்தான். அந்தச் சொத்து உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் ஆர்வம் இல்லை என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்ட நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடத்தப்படுகிறது. ஆசிரியர்களுக்கு அது பணிநேரம். சம்பளக்காரர்களுக்கு ஒரு மணி நேர அனுமதி. நாற்று நடவு நடக்கும்போது கரையேறி வருகிற பெண்ணுக்கு அது அரைநாள் கூலி, பெரும்பாலும் முழுநாள் கூலி. பாதியில் போகிறவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். இதை அரசு அறியாமல் இல்லை. 2022 மார்ச் 20-ஆம் நாள் மாநிலம் முழுவதும் பெற்றோரைத் திரட்டி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டியிருந்தபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்புக்கு வைக்கப்பட்ட நாள்கள் சனிக்கிழமைகள். கூட்டம் சேர வேண்டும் என்றால் விடுமுறை நாள், முடிவெடுக்க வேண்டும் என்றால் வேலை நாள் என்று யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. விளைவு என்னவோ அதுவாகத்தான் இருக்கிறது.

அழைப்பு வருகிற வழியும் இப்படித்தான். முன்பு பிள்ளைகளின் கையில் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புவார்கள். இப்போது வாட்ஸ்அப் குழு. வீட்டில் இருக்கிற ஒரே கைப்பேசியை எடுத்துக்கொண்டு கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், மனைவிக்கு அந்தக் குழுவில் வருகிற எதுவும் தெரியாது. குழுவில் இருப்பவர்களுக்கோ பிறந்தநாள் வாழ்த்துக்கும் பூங்கொத்துப் படங்களுக்கும் நடுவே கூட்ட அறிவிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கு வர முடிகிற பெற்றோருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகைகள் பெரியவர்களோடு நிற்பதில்லை என்பதால்தான் கவலை கூடுகிறது. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசை, கலைத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கும் வாய்ப்பு, சுதந்திர தினத்தன்று மேடையில் பேசுவது, வகுப்புத் தலைவர் பொறுப்பு ஆகியவை அடிக்கடி பள்ளிக்கு வந்துபோகிற பெற்றோரின் பிள்ளைகளையே தேடிப் போகின்றன. எந்த ஆசிரியரும் மனமறிந்து இதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை. கண்ணில் பட்ட முகம் நினைவில் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நுட்பம் புரியாது. அவளுக்குப் புரிவது, தன் அம்மா பள்ளிக்கு வராததால் தனக்கு வேடம் கிடைக்கவில்லை என்பதே. திறமைக்குத் தேர்வு வைத்துத் தோற்றிருந்தால் அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள். அம்மாவின் வேலையால் தோற்றதை அவள் வீட்டில் சொல்லாமல் இருக்கவே கற்றுக்கொள்கிறாள்.

பணம் வரும் இடத்துக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிகளின்படி, 31 முதல் 100 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயும், 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாயும் பள்ளி மானியம். பெரிய தொகை இல்லை. ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடித்து, மின்விசிறி இரண்டு மாட்டினால் தீர்ந்துவிடும். ஆயினும் வெள்ளையடிக்கிற வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது, மின்விசிறி யாருடைய கடையில் வாங்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். உறுப்பினரின் மைத்துனர், உறுப்பினரின் கடை என்று பதில் வருகிற பள்ளிகள் உண்டு. விலை நியாயமாகவே இருக்கலாம், வேலையும் நன்றாகவே நடந்திருக்கலாம். ஆனால் வாங்கியவரும் விற்றவரும் சரிபார்த்தவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கும்போது, நியாயமாக நடந்தது என்பதை நிரூபிக்கவும் வழியில்லாமல் போகிறது. ஊராட்சியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருக்கிறவர் அந்த ஊராட்சியில் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்ற விதி 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இருக்கிறது. தெருக்குழாய்க்கு உள்ள கட்டுப்பாடு பள்ளிக்கூடத்துக்கு வேண்டாமா?

இது சில்லறைச் செலவோடு முடிகிற விஷயமும் அன்று. 2022 ஜூனில், காலியாக இருந்த 13,331 ஆசிரியர் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று அரசு முடிவெடுத்ததைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அப்போது தொகுப்பூதியம் அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றுவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் கொதித்ததற்குக் காரணம், ஊதியம் குறைவு என்பது மட்டும் இல்லை. உள்ளூரில் செல்வாக்குள்ளவருடைய மகளுக்கோ மருமகளுக்கோ அந்த இடம் போய்விடும் என்ற அச்சம் அதில் பெரிய பங்கு வகித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, பின்னர் வழிகாட்டு நெறிமுறைகள் திருத்தப்பட்டன. ஒரு குழு எப்படி அமைந்தது என்பதில் நம்பிக்கை இல்லாதபோது, அந்தக் குழு செய்கிற நியமனத்தில் மட்டும் நம்பிக்கை எங்கிருந்து வரும்? பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக ஆசிரியர்களை அமர்த்திக்கொள்ளும் பள்ளிகளிலும் இதே கேள்வி பல ஆண்டுகளாக இருக்கிறது.

தனியார் பள்ளிகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆவது பிரிவே பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளில் குழுவின் பணி, 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு ஆலோசனை சொல்வதோடு முடிந்துவிடுகிறது. கட்டணம் செலுத்தும் பள்ளிகளில் எந்தப் பெற்றோர் நிர்வாகத்துக்கு நெருக்கம் என்பது அங்கே படிக்க வைப்பவர்களுக்கே வெளிச்சம்.

அரசுப் பள்ளிகளில் மாற்றம் கொண்டுவருவது அவ்வளவு கடினம் இல்லை. பெற்றோர் உறுப்பினர்களை எந்த முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 21-ஆவது பிரிவு கட்டளையிடவில்லை. அதை வகுத்துச் சொல்லும் இடத்தில் மாநில அரசுதான் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் உறுப்பினராக விரும்பும் பெற்றோரிடம் எழுத்து வழியாக விருப்பத்தைப் பெற்று, ஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகச் சீட்டுகளைப் பானையில் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரு மாணவரை விட்டு எடுக்கச் சொல்லலாம். கையைத் தூக்கி எதிர்க்கத் துணியாத ஊரில், யாரையும் எதிர்க்காமல் நியாயம் கிடைப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக் குடத்தில் ஓலைச்சீட்டுப் போட்டு எடுக்கும் குடவோலை முறை என்றதும் பழம்பெருமை பேசத் தொடங்கிவிடுவது நம் வழக்கம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் முறையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் போயின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. என் கவனத்தை ஈர்ப்பது, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அந்த விதிகளில் தகுதியற்றவர்கள் யார் என்று கூறும் பகுதிதான். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது. யார் யார் உறவினர் என்று அந்தக் கல்வெட்டு ஒவ்வொருவராகச் சொல்கிறது. உறவை விட்டுவிட்டால் ஊர்ப் பணம் எந்த வழியாகப் போகும் என்பதை அந்தச் சபையார் நன்றாக அறிந்திருக்கிறார்கள். நம்முடைய சுற்றறிக்கைகளில் உறவினர் என்ற பேச்சே என் கண்ணில் படவில்லை.

ஆகவே, ஒரு முறை உறுப்பினராக இருந்தவர் அடுத்த முறை விலகி நிற்க வேண்டும். அனுபவம் வீணாகிவிடும் என்று சொல்வார்கள்; அனுபவம் உள்ளவர் வெளியில் இருந்து உதவுவதை யாரும் தடுக்கப் போவதில்லை, கையெழுத்துப் போடும் உரிமை மட்டுமே கைமாறுகிறது. உறுப்பினருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ பள்ளியின் எந்த வேலையும், எந்தக் கொள்முதலும், எந்தத் தற்காலிக நியமனமும் போகக்கூடாது. சிற்றூரில் மின்விசிறி விற்கிற கடை ஒன்றே ஒன்றாக இருந்து, அது உறுப்பினருடையதாகவும் இருந்தால், அவர் அந்தத் தீர்மானத்தில் கலந்துகொள்ளாமல் எழுந்து போனார் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வாங்கட்டும். எழுதப்பட்டால் போதும்.

மாதக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்பது ஆசிரியர்களுக்குச் சுமை என்பதை அறிவேன். ஒன்றுவிட்டு ஒரு மாதமாவது விடுமுறை நாளில் வைத்து, அதற்கு ஈடாக ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பு கொடுப்பது அரசுக்குப் பெரிய பாரம் ஆகாது. அதுவும் முடியாது என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் வைக்கட்டும். வயலிலிருந்து திரும்பி, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் எங்களால் ஒதுக்க முடியும். வரமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள், வர முடிகிற நேரத்தில் ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மானியத்தின் வரவு செலவு மாணவர்கள் படிக்கும் உயரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பைவிட அது விரைவாகப் போய்ச் சேரும். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிற கிராம சபையில் ஏதேனும் ஒன்றில், ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கூட்டத்தில், அந்தக் கணக்கை வாசிக்கச் செய்வதையும் கட்டாயமாக்கலாம். விழாக்களில் பங்குபெறும் மாணவர்களின் தேர்வில் உறுப்பினர்களுக்கு எந்தப் பங்கும் இருக்கக்கூடாது என்பதைச் சுற்றறிக்கை தனியாகவே சொல்ல வேண்டும். சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் பிள்ளைகள் அளவில் இதுதான் பெரியது.

இவற்றுக்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். ஆனால் அது மறுகட்டமைப்புக்கு முந்தைய நாள் மாலையில் தலைமை ஆசிரியரின் கைப்பேசிக்கு வந்து சேருமானால், மறுநாள் காலையில் பழைய தாளில் பழைய பெயர்களே படிக்கப்படும். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அது வர வேண்டும். விருப்பப் படிவம் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் காகிதமாகவே வீட்டுக்குப் போக வேண்டும். கைநாட்டு வைத்துத் திரும்பி வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்களின் தாய் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.